மேடையில் புரட்சிக் கவிஞர், வகுப்பில் வாத்தியார்: பாரதிதாசன் 37 வருஷம் பார்த்த வேலை

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு அரசு வைத்திருக்கும் பெயர் கூபேர் மார்க்கெட். ஆனால் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆட்டோ ஏறினால் 'பெரிய மார்க்கெட்' போதும். ஒரு பக்கம் நேரு வீதி, மறுபக்கம் ரங்கப்பிள்ளை வீதி, நடுவில் மணிக்கூண்டு, மீன், பூ, காய்கறி, சத்தம். அங்கிருந்து வடக்கே நடந்தால் பாரதியார் குடியிருந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு. இன்னும் கொஞ்சம் போனால் பெருமாள் கோயில் தெரு. அதில் 95-ம் எண் வீடு இப்போது அரசு அருங்காட்சியகம். பாரதிதாசன் வாழ்ந்த வீடு.

பாரதிதாசன் என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? முறுக்கிய மீசை, தோளில் துண்டு, தமிழுக்காக முழங்குகிற கவிதை, திராவிட இயக்க மேடை. எல்லாம் சரிதான். ஆனால் ஒரு விஷயம் பெரும்பாலும் ஒற்றை வரியில் கடந்துபோய்விடும். இந்த மனிதர் 18 வயதில் வேலைக்குச் சேர்ந்து 55 வயதில் ஓய்வு பெறுகிறவரை பார்த்தது ஒரே உத்தியோகம்தான். பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் தமிழ் வாத்தியார் வேலை. கவிதை, நாடகம், பத்திரிகை, இயக்கம், சிறை என்று அவர் வாழ்க்கையில் நடந்த பெரிய விஷயங்களில் பெரும்பாலானவை இந்த 37 வருஷத்துக்குள் நடந்தவை. அதாவது, மறுநாள் காலையில் வகுப்பு இருக்கிற ஒரு மனிதருக்கு நடந்தவை.

வியாபாரி வீட்டுப் பையன்

1891 ஏப்ரல் 29-ம் தேதி புதுச்சேரியில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் சுப்புரத்தினம். அப்பா கனகசபை முதலியார், ஊரில் பெயர் சொல்லும்படியான வியாபாரி. அம்மா லட்சுமி அம்மாள். அப்பா பெயரின் முன்பாதியைச் சேர்த்துக்கொண்டு கனகசுப்புரத்தினம் ஆனார்.

முதல் படிப்பு திண்ணைப் பள்ளியில். வாத்தியார் பெயர் திருப்புளிசாமி ஐயா. இன்றைய எல்.கே.ஜி., யு.கே.ஜி.யை மனதில் வைத்துக்கொண்டு திண்ணைப் பள்ளியைக் கற்பனை செய்தால் குழப்பம்தான் வரும். வகுப்பறை கிடையாது, மேஜை கிடையாது, ஒன்றாம் வகுப்பு இரண்டாம் வகுப்பு என்ற பிரிவும் கிடையாது. வாத்தியார் வீட்டுத் திண்ணைதான் பள்ளிக்கூடம். மணலைப் பரப்பி விரலால் எழுத்து எழுதிப் பழக வேண்டும். பிறகு பனையோலை. பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பான். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். வாத்தியார் இல்லாத நேரத்தில் அவன் ராஜ்ஜியம்தான்.

கணக்கு என்றால் மனக்கணக்கு. எண்சுவடியை ராகம் போட்டு ஒப்பிக்க வேண்டும். முழு எண் மட்டும் இல்லை, பின்னமும் உண்டு. பதினாறில் ஒரு பங்கு வீசம், இருபதில் ஒரு பங்கு மா, எண்பதில் ஒரு பங்கு காணி, முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முந்திரி. ஏழு வயதுப் பிள்ளைக்கு 1/320 எதற்கு என்று இன்று கேட்கத் தோன்றும். படி, உழக்கு, வீசை, பலம் என்று அளந்தும் நிறுத்தும் வாங்குகிற சந்தையில் நிற்கப்போகிறவனுக்கு அது தேவைப்பட்டது. காகிதம் எடுக்காமல் கணக்கு முடிக்கத் தெரிந்தவன்தான் கடையில் உட்கார முடியும். பெரிய மார்க்கெட் மாதிரி ஓர் இடத்தைச் சுற்றி வளர்ந்த வியாபாரிக் குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடம் என்பதே முதலில் இதற்காகத்தான்.

அடியும் நிறைய. விடிவதற்கு முன்பே பள்ளிக்குப் போக வேண்டும். முந்தி வந்த பையன் தப்பிப்பான், பிந்தி வருகிறவனுக்குப் பிரம்படி ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். ஆனால் அந்த முறைக்குள் ஒரு விளையாட்டும் ஒளிந்திருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு பூவின் பெயர், ஒரு பறவையின் பெயர், ஓர் ஊரின் பெயர் சொல்லி அனுப்புவார் வாத்தியார். ராத்திரி முழுக்க அதை மறக்காமல் வைத்திருந்து காலையில் வந்து சொல்ல வேண்டும். உ.வே.சாமிநாதையர் தன் சுயசரிதையில் திண்ணைப் பள்ளியைப் பற்றி எழுதும்போது இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். மெமரி கேம் என்று இன்று ஆப் ஸ்டோரில் விற்கிற சமாச்சாரம்!

பாட்டாகப் பாடி மனதில் ஏற்றுவது, பெயர்களை வைத்து விளையாடுவது. இந்த இரண்டையும் பின்னாளில் பாரதிதாசன் குழந்தைகளுக்கு எழுதிய பாட்டுகளில் பார்க்க முடியும். பிரம்பு மட்டும் இருக்காது.

18 வயதில் அரசு வேலை

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் நல்ல உத்தியோகம் வேண்டுமென்றால் பிரெஞ்சு தெரிய வேண்டும். சுப்புரத்தினமும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தார். ஆனால் மனம் தமிழில்தான் நின்றது. மிஷன் வீதியில் இன்றும் நிற்கிற கல்வே கல்லூரியில் தமிழ் படித்தார். பு.அ. பெரியசாமிப் பிள்ளை, பங்காரு பத்தர் ஆகியோரிடம் இலக்கணமும் இலக்கியமும் கற்றார். மூன்று வருஷப் படிப்பை இரண்டே வருஷத்தில் முடித்து முதலாவதாகத் தேறினார்.

1909-ல் வேலை கிடைத்தது. ஊர்? நிரவி. காரைக்காலை ஒட்டிய கிராமம். பிரெஞ்சு இந்தியாவை மேப்பில் பார்த்திருப்பவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். புதுச்சேரியும் காரைக்காலும் ஒரே அரசுக்குக் கீழே இருந்தாலும் நடுவில் சுமார் 130 கிலோமீட்டர் தூரம், அதில் பெரும்பகுதி பிரிட்டிஷ்காரர்களின் நிலம். வியாபாரி வீட்டில் வளர்ந்த 18 வயதுப் பையன் முதல் போஸ்டிங்குக்காக இன்னொரு ராஜ்ஜியத்தைக் கடந்து போய்ப் பாடம் எடுத்தான் என்று சொல்லலாம். இன்று பெங்களூருக்கோ புனேவுக்கோ முதல் வேலைக்குப் போகிறவர்கள் அந்த உணர்வை ஓரளவு ஊகிக்க முடியும்.

அதற்குப் பிறகு ட்ரான்ஸ்ஃபர் மேல் ட்ரான்ஸ்ஃபர். பிரெஞ்சு அரசின் பள்ளி இருக்கிற ஊரெல்லாம் அவர் ஊர்.

பாரதி கற்றுக்கொடுத்த பாடம்

வேலையில் சேர்வதற்குச் சற்று முன்னால், 1908-ல், பிரிட்டிஷ் போலீஸிடமிருந்து தப்பி புதுச்சேரிக்கு வந்திருந்தார் சுப்பிரமணிய பாரதி. சந்திப்பு நடந்தது ஒரு கல்யாண வீட்டில். வேணு நாயக்கர் என்பவர் வீட்டு விழாவில் சுப்புரத்தினத்தைப் பாடச் சொன்னார்கள். அவர் பாடியது பாரதியின் பாட்டு. எழுதியவர் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பது பாடியவருக்குத் தெரியாது. அங்கே தொடங்கிய பழக்கம், பாரதி 1918-ல் புதுச்சேரியை விட்டுப் போகிறவரை பத்து வருஷம் நீடித்தது. அவர் எழுதிய பாட்டு ஒன்றைப் பாரதியே சுதேசமித்திரனுக்கு அனுப்பிவைத்தார், தன் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் என்ற அறிமுகத்தோடு.

பாரதியிடம் பாரதிதாசன் கற்றது என்ன என்ற கேள்விக்கு சாதி எதிர்ப்பு, விடுதலை உணர்வு என்று பதில் சொல்வார்கள். ஒரு வாத்தியாரின் பார்வையில் பார்த்தால் இன்னொரு பதிலும் உண்டு. புலவர் படிப்பு படித்தவர்களுக்கு அந்தக் காலத்தில் இருந்த பெரிய சிக்கல், எளிமையாக எழுத வராது என்பது. கடினமான சொல் போட்டால்தான் மரியாதை. சுப்புரத்தினமும் ஆரம்பத்தில் அந்தப் பாணியில் முருகன் துதியும் விநாயகர் துதியும் எழுதிக்கொண்டிருந்தவர்தான். பாரதியோ அதே புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு குழந்தைக்குப் பாப்பா பாட்டும், ஔவையாருக்குப் போட்டியாக ஒரு புதிய ஆத்திசூடியும் எழுதினார். மகாகவி என்று பேர் வாங்கப்போகிறவர் குழந்தைக்கு எழுதுவதைச் சின்ன வேலையாக நினைக்கவில்லை. பகலில் சின்னப் பிள்ளைகளோடு இருந்த இளம் வாத்தியார் இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

பின்னாளில் பாரதிதாசனும் ஓர் ஆத்திசூடி எழுதினார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சுவாரசியம். ஔவையார் குழந்தைக்கு முதலில் சொல்வது அறம் செய்ய ஆசைப்படு என்று. பாரதி முதலில் பயத்தை விடச் சொல்கிறார். பாரதிதாசனோ எல்லோரும் சொந்தக்காரர்கள்தான் என்பதில் தொடங்குகிறார். அகர வரிசை அதேதான், முதல் பாடம் மாறிவிட்டது. ஒரு வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதே பிரச்சினையாக இருந்த காலத்தில் அந்த முதல் வரிக்கு என்ன வேலை என்று விளக்க வேண்டியதில்லை.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பாரதிதாசன் என்ற பெயரை அவர் 1920-களின் தொடக்கத்திலிருந்து தொடர்ந்து பயன்படுத்தினார். பிராமணரான ஒருவருக்கு தாசன் என்று பெயர் வைத்துக்கொள்வதா என்று பிற்காலத்தில் சுயமரியாதை இயக்கத் தோழர்களே கேட்டார்கள். சாதியை எதிர்த்து எழுதிய பாரதிக்குத் தாசன் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குத் தயக்கம் இருக்கவில்லை. பெயரை மாற்றவும் இல்லை.

வாத்தியார் ஜெயிலுக்குப் போனார்

1919-ல் அவர் வேலை பார்த்த ஊர் திருபுவனை. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகிற சாலையில் இருக்கிறது. அங்கே இருந்தபோதுதான் அரசுக்கு எதிரானவர் என்று குற்றம் சாட்டிப் பிடித்துப் போனார்கள். ஒன்றேகால் வருஷம் சிறை. பிறகு தவறு என்று உணர்ந்து விடுதலை செய்தார்கள். ஆனால் வேலை போய்விட்டது.

இங்கே அவர் செய்ததைக் கவனியுங்கள். வேலை போனால் போகட்டும் என்று விட்டுவிடவில்லை. வழக்குப் போட்டார், ஜெயித்தார், மறுபடியும் அதே வாத்தியார் வேலையில் சேர்ந்தார். அப்பா 1916-லேயே காலமாகிவிட்டார். 1920-ல் பழநி அம்மாளோடு திருமணம். அடுத்த வருஷம் மூத்த மகள் சரஸ்வதி பிறந்தார். மாதச் சம்பளம் தேவைப்பட்ட வீடு என்று ஒரு காரணம் சொல்லலாம். ஆனால் சம்பளம் மட்டும்தான் காரணம் என்றால் அடுத்து அவர் நடந்துகொண்ட விதம் புரியாது. அதே 1920-ல் கதர்த் துணியைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றவர் அவர். சம்பளத்தைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கிற அரசு ஊழியர் செய்கிற காரியமா இது?

பத்திரிகைகளுக்கு எழுதும்போது கிண்டல்காரன், கிறுக்கன், கண்டெழுதுவோன் என்று விதவிதமான புனைபெயர்கள் வைத்துக்கொண்டார். அரசு வேலையில் இருக்கிறவர் அரசை விமர்சிக்கப் புனைபெயர் வேண்டும் என்பது காரணம். இன்று ஆபீஸ் பெயர் தெரியாமல் ட்விட்டரில் இன்னொரு ஐடி வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

பிள்ளைகள் பாட ஒரு புத்தகம்

1930 அவருக்கு ரொம்பவே பிஸியான வருஷம். சிறுவர் சிறுமியர் தேசிய கீதம் என்று ஒரு சின்னப் புத்தகம் வந்தது. கதர் ராட்டினப் பாட்டு, தொண்டர்களுக்கான நடைப்பாட்டு, தாழ்த்தப்பட்டோர் சமத்துவப் பாட்டு, பிற்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்ட சஞ்சீவி பர்வதத்தின் சாரல் எல்லாம் அதே காலகட்டம்தான். இதில் முதல் புத்தகத்தின் தலைப்பைக் கொஞ்சம் நின்று பாருங்கள். சிறுவர் என்று போட்டு நிறுத்தாமல் சிறுமியர் என்றும் சேர்த்திருக்கிறார். 'சிறுவர்' என்றால் இரண்டு பேரும் அடங்கிவிடுவார்கள் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பெண் பிள்ளை தனக்கும் என்று நினைப்பாள் என்பது வகுப்பு எடுத்தவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

அவர் குழந்தைப் பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருவது சிந்து, கண்ணி, கும்மி மாதிரியான வடிவங்கள். தெருவில், வயலில், திருவிழாவில் ஜனங்கள் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தவை. கை தட்ட வரும், குதிக்க வரும், கூட்டமாகப் பாட வரும். ஒரு வரியின் ஆரம்பமும் அடுத்த வரியின் ஆரம்பமும் ஒரே மாதிரி ஒலிப்பதால் ஒரு வரியை மறந்தால் அடுத்த வரி இழுத்துக்கொண்டு வந்துவிடும். எதுகை என்று இலக்கணத்தில் படிக்கிறோமே, சின்ன வகுப்பில் அதற்கு உண்மையான வேலை இதுதான்: எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் பாட்டு மனதில் நிற்கும்.

அதே காலத்தில் தமிழ்நாட்டின் தெற்கு ஓரத்தில் இன்னொரு வாத்தியாரும் குழந்தைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை. அவரும் 36 வருஷம் ஆசிரியர். அதற்கு அடுத்த தலைமுறையில் வந்த அழ. வள்ளியப்பா வங்கி ஊழியர். இவர்களோடு ஒப்பிட்டால் பாரதிதாசனின் குழந்தைப் பாட்டு கொஞ்சம் கண்டிப்பானது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வள்ளியப்பா பாட்டில் குழந்தை சும்மா விளையாடலாம். பாரதிதாசன் பாட்டில் விளையாடி முடித்ததும் ஒரு கருத்து காத்திருக்கும். சில இடங்களில் வாத்தியார் குரல் கூடுதலாகவே கேட்கும். அவருடைய ஆத்திசூடியில் சில வரிகள் பிள்ளை மடியில் உட்கார்ந்து சொல்கிற மாதிரி இல்லை, மேடையில் சொல்கிற மாதிரிதான் இருக்கின்றன. கருத்துள்ள மனிதர் குழந்தைக்கு எழுதினால் வருகிற சிக்கல் இது. அவருக்கும் அது இருந்தது.

அழுகிற பிள்ளையிடம் என்ன சொல்வது?

ஆனால் ஒரு பாட்டில் எல்லாமே சரியாக அமைந்துவிட்டது. தமிழ்நாட்டில், புதுச்சேரியில் பள்ளிக்குப் போன பாதிப் பேருக்கு அது மனப்பாடம். 1940-களில் வெளியான இசையமுது தொகுப்பில் இருக்கிறது. தேஷ் ராகத்தில் இன்றும் கச்சேரிகளில் கேட்கிற அந்த யாழ்ப் பாட்டும் இதே தொகுப்பில்தான் உள்ளது. அது 1951-ல் ஓர் இரவு படம் மூலமாக வீடு வீடாகப் போனது. இங்கே பேசுகிற பாட்டு சினிமா இல்லாமலே போனது.

பாட்டின் சூழ்நிலை இதுதான். ஒரு சின்னப் பெண். காலையில் அம்மா சீவிச் சிங்காரித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பிவிட்டாள். பிள்ளை நகரவில்லை. நின்ற இடத்தில் நிற்கிறாள், அழுகிறாள். அவளிடம் வீட்டுப் பெரியவர் ஒருவர் பேசுகிறார். முழுப் பாட்டும் அந்தப் பேச்சுதான்.

ஒன்றாம் வகுப்பு வாத்தியாருக்கு ஜூன் மாதம் முதல் வாரம் என்றால் என்னவென்று தெரியும். வாசலில் அழுகை, கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளை, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவிக்கிற அம்மா. அந்த அழுகையைத் தினமும் பார்த்தவர் எழுதிய பாட்டு என்பது ஒவ்வொரு அடியிலும் தெரிகிறது. மிரட்டல் இல்லை. முதலில் ஏன் அழுகிறாய் என்று கேட்கிறது. பிறகு படிப்பை ஒரு தித்திக்கிற பழத்தோடு ஒப்பிட்டு ஆசை காட்டுகிறது. கடிகாரத்தைக் காட்டி ஓட்டப் பந்தயம் மாதிரி விரட்டுகிறது. இப்போது கஷ்டமாகத்தான் இருக்கும், கற்கக் கற்கத்தான் புரியும் என்று ஒத்துக்கொள்கிறது. இந்தக் கடைசி விஷயம் முக்கியம். பள்ளிக்கூடம் ஜாலியாக இருக்கும் என்று பொய் சொல்லி அனுப்பவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. படிக்காமல் நீ இருந்துவிட்டால் ஊர் என்னைத்தான் கேலி செய்யும் என்கிறார் அந்தப் பெரியவர். அன்றைய நிலைமை நேர் எதிர். பெண்ணைப் படிக்க வைத்தால்தான் ஊர் கேலி செய்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. அதற்கும் முன்னால் எழுதிய பாட்டு, படிக்காத பெண் இருப்பதுதான் வீட்டுக்கு அவமானம் என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிறது. வாதம் இல்லை, பிரசாரம் இல்லை. ஏற்கெனவே மாறிவிட்ட ஓர் ஊரில் இருந்து பேசுவது மாதிரி பேசுகிறது. அந்த ஊர் அப்போது இல்லை. பாட்டைக் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு அதுதான் ஊர் வழக்கம் என்று தோன்றிவிடும்.

பள்ளியிலிருந்து அவர் வீட்டுக்குள் போனார் என்றும் சொல்லலாம். 1942-ல் தொடங்கி ஐந்து பகுதிகளாக எழுதிய குடும்ப விளக்கு, படித்த ஒரு பெண் நடத்துகிற வீட்டைக் காட்டுகிறது. அதில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புவது, வீட்டில் பாடம் படிப்பது எல்லாம் கவிதைக்குரிய விஷயமாகிறது. 1944-ல் வந்த இருண்ட வீடு அப்படியே தலைகீழ். படிப்பே நுழையாத ஒரு குடும்பத்தில் ஒரு நாள் எப்படிக் கந்தரகோளமாகிறது என்று சிரிக்கவைத்துக்கொண்டே போய், துயரத்தில் கொண்டு போய் விடுகிறது. இன்று படித்தால் குடும்ப விளக்கின் தலைவி மேல் சுமத்தியிருக்கிற வேலைப் பட்டியல் மூச்சு வாங்க வைக்கும். சமையல், தையல், கடைக் கணக்கு, மாமியார் மாமனார், பிள்ளைகள் பாடம், எல்லாம் அவள் ஒருத்தி. இதை இன்றைய வாசகிகள் கேள்வி கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேள்வி கேட்கிற அளவுக்குப் படித்த பெண்கள்தான் அந்த வாத்தியார் எதிர்பார்த்த வாசகிகள்.

புறா வளர்த்த கவிஞர்

அவர் வீட்டில் புறாக்கள் வளர்த்தார். அழகின் சிரிப்பு என்ற தொகுப்பிலும் புறாக்களுக்கு ஒரு தலைப்பு ஒதுக்கியிருக்கிறார். கடல், தென்றல், ஆறு, தாமரை, ஆலமரம், கிளி, இருட்டு, சிற்றூர், பட்டணம் என்று போகிறது அந்தப் புத்தகம். பெரியவர்களுக்கான கவிதைதான். ஆனால் பொருளடக்கத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். சின்ன வகுப்புச் சுவரில் ஒட்டுகிற படங்களின் வரிசை மாதிரி இருக்கும். ஒவ்வொன்றாகக் காட்டி, இது என்ன, இதில் என்ன பார்க்கிறாய் என்று கேட்கிற பழக்கம். 37 வருஷம் அதே கேள்வியைக் கேட்டவருக்குக் கவிதையிலும் அதே வரிசைதான் வந்திருக்கிறது.

இதே வருஷங்களில் மேற்கத்திய நாடுகளில் விளையாட்டு வழிக் கல்வியைப் பெரிய இயக்கமாக்கிய மரியா மாண்டிசோரி சென்னையில் இருந்தார். 1939-ல் வந்தவர், உலகப் போர் காரணமாக இந்தியாவிலேயே தங்கிப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அடையாறில் நடந்த அந்தப் பயிற்சிக்கும் புதுச்சேரி அரசுப் பள்ளித் தமிழ் வாத்தியாருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவருக்கு உபகரணங்கள் இல்லை, பயிற்சிச் சான்றிதழ் இல்லை. கையில் இருந்தது பாட்டு. இன்று தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தொடக்க வகுப்புகளில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாடுவதும் ஆடுவதும் பாடத்தின் பகுதியாகிவிட்டன. தொடங்கியது 2022-ல்.

ஜூலையில் பணமுடிப்பு, நவம்பரில் ரிடையர்மென்ட்

1928-ல் சுயமரியாதை இயக்கத்தில் சேர்ந்ததிலிருந்து அவர் பெயர் வேகமாகப் பரவியது. 1938-ல் கவிதைகளின் முதல் தொகுதியைக் குஞ்சிதம் குருசாமி வெளியிட்டார், செலவை ஏற்றவர் கடலூர் நாராயணசாமி. மேடைகள், நாடகங்கள், சினிமா வசனம் என்று வளர்ந்துகொண்டே போனார். வேலை மட்டும் மாறவில்லை. 1945-ல்தான் பெருமாள் கோயில் தெரு 95-ம் எண் வீட்டை வாங்கினார். அப்போது வயது 54.

1946 ஜூலை 29. சென்னை பச்சையப்பன் கல்லூரி மைதானம். நாவலர் சோமசுந்தர பாரதியார் தலைமை. அண்ணா திரட்டிய 25,000 ரூபாய் பணமுடிப்பும் புரட்சிக் கவிஞர் என்ற பட்டமும் கொடுத்தார்கள். அன்றைய 25,000 எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லத் தேவையில்லை. தமிழ் உலகமே திரும்பிப் பார்த்த நாள். அந்தப் புரட்சிக் கவிஞர் அப்போதும் சர்வீஸில் இருந்த ஒரு பள்ளி வாத்தியார். பணியிலிருந்து ஓய்வு பெற்றது அதே வருஷம் நவம்பர் 8-ம் தேதி.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குயில் பத்திரிகை நடத்தினார். 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை ஒப்படைத்த பிறகு, 1955 தேர்தலில் சட்டசபை உறுப்பினர் ஆனார், தற்காலிக சபாநாயகராகவும் இருந்தார். பிறகு ஒரு தேர்தலில் தோற்றார். சினிமா எடுக்கிற ஆசையில் சென்னைக்குக் குடிபெயர்ந்தார், பாண்டியன் பரிசைப் படமாக்க நினைத்தார், அது நடக்கவில்லை. 1964 ஏப்ரல் 21-ம் தேதி சென்னை பொது மருத்துவமனையில் காலமானார். உடல் புதுச்சேரிக்குக் கொண்டுவரப்பட்டு மறுநாள் அடக்கம் செய்யப்பட்டது. பிசிராந்தையார் நாடகத்துக்கு சாகித்ய அகாடமி விருது அறிவிக்கப்பட்டபோது வாங்க அவர் இல்லை.

ஆனால் நடுவில் ஒரு புத்தகம் விட்டுப்போகக் கூடாது. இளைஞர் இலக்கியம், 1958. வேலையிலிருந்து ஓய்வு பெற்று 12 வருஷம் ஆகிவிட்டது, வயது 67, அரசியலில் இருக்கிறார், வகுப்பில் அவரை யாரும் எதிர்பார்க்கவில்லை. அப்போது உட்கார்ந்து பிள்ளைகளுக்காக ஒரு முழுப் புத்தகம் தயார் செய்திருக்கிறார். மழை, நிலா, வண்டி, பறவை, விலங்கு, கைத்தொழில், சின்னக் கதைப் பாட்டு, தாலாட்டு என்று போகிறது. பெரும்பாலும் சின்னச் சின்ன வரிகள். பிள்ளை ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய நீளம்.

அவர் பெயரில் 1982-ல் திருச்சியில் பல்கலைக்கழகம் வந்தது. புதுச்சேரியில் அரசு மகளிர் கல்லூரிக்கு அவர் பெயர். நூல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், இசை அமைக்கலாம், யூடியூபில் கார்ட்டூன் போட்டு ஏற்றலாம். நிறையப் பேர் ஏற்றியும் இருக்கிறார்கள். பள்ளிக்குப் போக மறுத்து அழுகிற அந்தப் பெண் பாட்டைத் தேடினால் பரதநாட்டியமாகவும் வரும், மழலைக் குரலிலும் வரும். ஆண்டுவிழா மேடைகளில் பெரும்பாலும் அழுகிற பிள்ளையாக நடிக்கத்தான் போட்டி இருக்கும்.